தலையணை உறைக்குள் போன்கள்

செப்டம்பர் 8, திங்கள்

இன்னும் காய்ச்சல். வகுப்புக்குப் போகவில்லை. மெர்ரிட் அறைக்கே கோழி சூப் கொண்டுவந்தாள். "குடிக்கலைன்னா மூக்கைப் புடிச்சு ஊத்துவேன்டி டெல்லா" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். கல்லூரிப் பெண்கள் சங்கத்தில், புதிதாகச் சேர்ந்த எனக்கென்று ஒதுக்கிய மூத்த மாணவி, பெரியக்கா அவள். பெயருக்குத்தான் அக்கா என்று நினைத்திருந்தேன். இந்தக் கல்லூரியில் சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

சாயங்காலம் அம்மா போனில் கூப்பிட்டாள். அவள் வேலை செய்யும் கோழி இறைச்சி ஆலையில் இடைவேளை, பின்னால் ஒரே இரைச்சல். சங்கத்தில் சேர்ந்ததைச் சொன்னேன். "வாசல்ல வெள்ளைத் தூணு, கிரேக்க எழுத்துன்னு இருக்குமே, அந்த வீடா? பெரிய எடத்துப் பொண்ணுங்கடி. எதுக்கும் வாயத் தொறக்காம இரு."

வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு ஒரு சிரமமா?

செப்டம்பர் 24

என்னோடு சங்கத்தில் சேர்ந்த புதியவர்களில் வின்னி மட்டும்தான் தானாக வந்து பேசுவாள். இன்று நூலகத்தில் அவள் போன் திடீரென்று அலறியது. கார் திருட்டு மணி போல ஏறி ஏறி அடித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிதானமாக மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, சட்டைக் கையை மேலே தள்ளிக் காட்டினாள். தோளுக்குக் கீழே ஒட்டிய வெள்ளை வட்டம். சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோயாம். அந்த வட்டம் சர்க்கரையை அளக்கும், இறங்கினால் போன் கத்தும்.

"இனிப்பு சாப்பிடலைன்னா?"

"பொத்துன்னு விழுவேன். நீ வந்து இரங்கல் உரை படிச்சிடு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சங்கத்துல மூச்சு விடாத. சீக்காளின்னு முத்திரை குத்திடுவாங்க."

அக்டோபர் 15

சனிக்கிழமை மௌனத்தில் அமர வேண்டுமாம். அதை முடித்தால்தான் உறுப்பினர் என்பதற்கு அடையாளமான சங்கத்துச் சின்ன ஊசியை உடையில் குத்துவார்கள். வெள்ளை உடை, கையில் ஏற்றாத மெழுகுவத்தி, நிலவறைத் தரையில் உட்கார வேண்டும். போன், பை எதுவும் கூடாது. அக்காக்கள் வந்து கூப்பிடும்வரை பேச்சில்லை. ஒருத்தி பேசினாலும் எல்லோரும் முதலிலிருந்து உட்கார வேண்டும்.

வின்னியிடம் கேட்டேன். "மதியம் நல்லா சாப்பிட்டுட்டு வந்துடுவேன். சும்மா பயப்படாத" என்கிறாள்.

பயமாக இருக்கிறது.

அக்டோபர் 18, சனி, காலை

உடைக்கு இஸ்திரி போட்டாயிற்று.

அக்டோபர் 19

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

மதியம் எங்கள் போன்களை எல்லாம் ஒரு தலையணை உறையில் போட்டு, வாயை முடிச்சிட்டு மெர்ரிட் மாடிக்கு எடுத்துப்போனாள். கதவு மூடியது. வின்னி எனக்கு நேரெதிரே. சாப்பிட்டாளா? பதற்றத்தில் அவளுக்குச் சோறு இறங்கியிருக்காது என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பிறகு மேலே அந்தச் சத்தம். ஏறி ஏறி. எனக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரியும். மற்றவர்கள் அதுவும் சோதனையில் ஒன்று என்று தலையைக் குனிந்துகொண்டார்கள். மேலே யாரோ சிரித்தார்கள். சத்தம் மங்கிப்போனது. யாரோ உறையோடு அதைச் சோபா மெத்தைக்கு அடியில் திணித்திருக்கிறார்கள்.

வின்னியின் முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள். நான் பேசாமல் இருந்தேன். ஆமாம், இருந்தேன். ஊசி போய்விடுமே, எல்லோரும் என்னைத் திட்டுவார்களே என்று— அவள் கையிலிருந்து மெழுகுவத்தி விழுந்து உருண்டு என் முட்டியில் வந்து முட்டியது.

"அது வின்னியோட போன்!" கத்தியது நான்தானா?

மாடிப்படியில் மெர்ரிட் வழியை மறித்தாள். "கெடுத்துட்டியேடி! போய் உக்காரு, எல்லாரும் மொதல்லேர்ந்து—" அவளைத் தள்ளினேன். நான், மெர்ரிட்டைத் தள்ளினேன். சமையலறையில் ஆரஞ்சுச் சாறு இருந்தது, எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். வின்னிக்கு அப்போது விழுங்கும் அளவுக்கு நினைவிருந்தது. பாதி அவள் உடையில் வழிந்தது. மறுபடி மேலே ஓடி, உறையின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். "வெளியாளுங்களக் கூப்பிடாதடி, நமக்குள்ளயே பாத்துக்கலாம்" என்று மெர்ரிட் பின்னாலிருந்து அழுதுகொண்டே சொன்னாள்.

வின்னி பிழைத்துக்கொண்டாள்.

அக்டோபர் 21

மெர்ரிட் வந்தாள். கண் வீங்கியிருந்தது. "சத்தியமா அவளுக்குச் சர்க்கரைன்னு எனக்குத் தெரியாதுடி." நம்புகிறேன். பிறகு சொன்னாள்: "காலேஜ் ஆபீஸ்ல கேட்டா, வெயில்ல மயக்கம்னு சொல்லிடு. நாமல்லாம் ஒரே குடும்பம்ல?"

சூப் கொண்டுவந்த அதே கை என் கையைப் பிடித்திருந்தது. அதுதான் அதிகம் பயமுறுத்தியது.

அக்டோபர் 28

கல்லூரி அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னேன். குரல் எழும்பவில்லை. இரண்டு தரம் சொல்லச் சொன்னார்கள்.

எனக்கு முன்னால் போன வின்னி, வெயிலில் மயக்கம் என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

அம்மாவிடம் சொன்னேன். பின்னால் அதே ஆலை இரைச்சல். எல்லாம் கேட்டுவிட்டு, "சாப்பிட்டியா?" என்றாள்.

நவம்பர் 4

இனி வர வேண்டாம் என்று சங்கத்திலிருந்து செய்தி. ஒரே வரி.

நவம்பர் 13

உணவுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அவர்கள் கூட்டமாக வந்தார்கள். நடுவில் வின்னி, நெஞ்சில் புது ஊசி. என் மேசையைத் தாண்டும்போது அவள் பார்வை ஜன்னல் பக்கம் போனது. மெர்ரிட் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பற்றியா? தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 14

காலையில் போனில் ஓர் அறிவிப்பு. வின்னி தன் சர்க்கரை அளவை என்னோடு பகிர விரும்புகிறாளாம். சம்மதமா? வேறு ஒரு சொல் இல்லை.

சம்மதம் என்று அழுத்தினேன்.

திரையில் 104. இறங்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து 106.

ஒலியை முழுதாக ஏற்றி வைத்தேன். இனி அவள் போன் அலறினால் இங்கேயும் அலறும்.