எனக்கு நானே எதிர்த்தரப்பு

பெப்ரவரி 9, ஞாயிறு

அம்மாவிடம் சொல்லியிருக்கவே கூடாது. பூசை முடிந்து வெளியே வருவதற்குள் அம்மா இருக்கிற சட்டன் ஊரின் தமிழ்க் கத்தோலிக்கரில் அரைவாசிப் பேருக்குத் தெரிந்துவிட்டது: டொலறஸின் மகள் பிறேமினி உச்ச நீதிமன்றத்தில் எழும்பிப் பேசப் போகிறாள். வழக்கை நடத்துவது மூத்த வழக்கறிஞர் பாமா, நான் அவருக்குத் துணை வழக்கறிஞர், இரண்டாவது வாதத்தை மட்டும் என்னிடம் தந்திருக்கிறார், அதுவும் கால் மணித்தியாலம் – இதெல்லாம் யாருக்குக் கேட்கிறது? இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்டுவார்களாம், எல்லாரும் பார்க்க வேண்டுமாம். வெட்கப்படுகிற மாதிரி நின்றேன். உள்ளுக்குள் ஒரே புளுகம், ஒரே சந்தோசம்.

பெப்ரவரி 11, செவ்வாய்

எங்கள் கட்சிக்காரர் நகுலேஸ்வரியக்கா வந்து போனார். மகன் விதுசனுக்கு மூச்சிழுப்பு. பூஞ்சணம் பிடித்த வீட்டை விட்டு வெளிக்கிட்டதற்கு, நீங்களாகத்தானே வீடில்லாமல் போனீர்கள் என்று, வேறு வீடு தர வேண்டிய கவுன்சில் கைவிரித்துவிட்டது. கீழ் நீதிமன்றங்களும் அதற்கே தலையாட்டின. தாயும் பிள்ளையும் இப்போது தங்கை வீட்டு முன்னறையில்.

முதல் வாதம் பாமாவுடையது: பிள்ளையின் மூச்சுக்காக வெளியேறினார், கவுன்சில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டாவது என்னுடையது: கவுன்சில் அதிகாரியே போனில் வெளியேறச் சொன்னார், அதை நம்பித்தான் போனார். இதைக் கண்டுபிடித்தவள் நான். எழுதி வைக்கிறேன், வேறு யார் எழுதப் போகிறார்கள்?

பெப்ரவரி 13, வியாழன்

பாமாவின் அலுவலகத்தில் ஒத்திகை. சக வழக்கறிஞர்கள் மூன்று பேர் நீதிபதிகளாக உட்கார்ந்து, மூச்சுவிட விடாமல் குறுக்கே கேள்வி கேட்டார்கள். நான் தடுமாறவில்லை. நல்ல வாதம் என்றார்கள்.

பின்னேர ஒத்திகையில் கவுன்சில் பக்கமாகப் பேச வேண்டிய சக வழக்கறிஞர் சுஜீத் வரவில்லை, வீட்டில் காய்ச்சல். நான் பேசுகிறேன் என்று எழும்பினேன். என் வாதம் என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? பேசிக்கொண்டு போகும்போதே கண்ணில் பட்டது. அதிகாரி சொன்னதற்காகப் போனார் என்றால், பிள்ளையின் மூச்சுக்காகப் போகவில்லை. என்னுடைய வாதம் பாமாவுடையதன் கழுத்தை நெரிக்கிறது.

ஒருவரும் கவனிக்கவில்லை. விட்டிருக்கலாம். கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். சொன்னேன்.

பாமா பேனாவை வைத்துவிட்டுத் தமிழில் கேட்டார். "பிறேமினி, இதுக்கு உங்ககிட்ட பதில் இருக்கா?"

"இல்லை."

நுணலும் தன் வாயால் கெடும். ஆனால் என்ன அடி அது! நானே எனக்குக் கை தட்டலாம்.

பெப்ரவரி 14, வெள்ளி

ஏன் சொன்னனான்? எனக்கென்ன விசரே? பாமா ஒன்றும் தீர்மானிக்கவில்லை, யோசிப்போம் என்கிறார். எதிர்த்தரப்புக்குத் தோன்றாமலே போகலாம். போகுமா? எனக்குத் தோன்றியதே. இவ்வளவு வருசம் படிச்சு, ஒருக்கால் அங்க எழும்பி நிக்கிறதுக்கு – பிறகு அம்மா. கடவுளே, அம்மா.

பெப்ரவரி 17, திங்கள்

நகுலேஸ்வரியக்காவுக்குப் போன் எடுத்து நேரே கேட்டேன், அதிகாரி சொல்லாவிட்டால் அந்த வீட்டிலேயே இருந்திருப்பீர்களா என்று.

"அவை சொல்லாட்டிலும் வெளிக்கிட்டிருப்பன் தங்கச்சி. பிள்ளை மூச்சுவிட ஏலாமல் கிடந்தவன். பெட்டி கட்டினாப் பிறகுதான் போனே எடுத்தனான்."

இதற்குமேல் என்ன இருக்கிறது? பாமாவிடம் நானே சொன்னேன், இரண்டாவதை விடுவோம் என்று. அதை என்னிடம் எப்படிச் சொல்வது என்று அவரும் சங்கடப்பட்டுக்கொண்டிருந்தாராம்.

அம்மாவிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

பெப்ரவரி 26, புதன்

இன்று உச்ச நீதிமன்றத்தில் விசாரணை. நகுலேஸ்வரியக்கா எதற்காக வெளியேறினார் என்று நீதிபதி கேட்டார். பிள்ளையின் மூச்சுக்காக என்றார் பாமா. இரண்டு பக்கம் இழுபடாமல் அந்த ஒன்றிலேயே நாள் முழுக்க நின்றார். அவர் கேட்ட பக்கங்களை நான் எடுத்து நீட்டினேன்.

வெளியே வந்ததும் அம்மாவின் போன். கோயில் மண்டபத்தில் பெரிய திரை போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

"நீ வாயே திறக்கேல்லையே. பேப்பர் எடுத்துக் குடுக்கவே உன்னைப் படிப்பிச்சனாங்கள்?"

மார்ச் 2, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலையிடி என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 18, புதன்

வென்றுவிட்டோம். ஐந்து நீதிபதிகளும் ஒரே தீர்ப்பு: கவுன்சிலின் முடிவு செல்லாது, தாய்க்கும் பிள்ளைக்கும் வீடு கொடுக்க வேண்டும். நகுலேஸ்வரியக்கா போனில் அழுதார். நானும்தான்.

தீர்ப்பில் என் வாதத்தைப் பற்றி ஒரே ஒரு வசனம். இரண்டாவது வாதத்தைக் கைவிட்டது சரியே, அதை வைத்திருந்தால் முதலாவதையும் அது கெடுத்திருக்கும். எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது.

பின்னேரம் சட்டனுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஒத்திகையில் நடந்ததையும்.

"அப்ப நீ பேசாமல் விட்டபடியால்தான் அந்தப் பிள்ளைக்கு வீடு?"

"ஓம் அம்மா."

"அந்த வசனத்தைத் தமிழில எழுதித் தா. ஞாயிற்றுக்கிழமை கோயிலில வாசிக்கோணும்."

எழுதிக் கொடுத்தேன். 'கைவிட்டது சரியே' என்பதன் கீழ் கோடும் போட்டேன். இரண்டு கோடு.