சுஜந்தனின் ராஜ்மா கொடியும் பூட்டிய சமையலறையும்

அனுப்புநர்:
மு. ஐயப்பன், பைப் ஃபிட்டர்,
பி பிளாக், ஒப்பந்தத் தொழிலாளர் கேம்ப்,
ஜுபைல்.

பெறுநர்:
உயர்திரு கௌஸ் முகைதீன் அவர்கள்,
தொழிலாளர் நல அலுவலர்,
தலைமை அலுவலகம், அல் கோபார்.

பொருள்: ராஜ்மா கொடி வளர்த்ததற்காகத் திரு. சுஜந்தனுக்குப் பிறப்பிக்கப்பட்ட, வேலையை முடித்து நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் எக்ஸிட் உத்தரவை ரத்து செய்யவும், கேம்ப் சமையலறையைத் திறக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் தமிழ் படிப்பவர் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினால் கெஞ்சுவதாகவே அமைந்துவிடும். கெஞ்சுவது இம்மனுவின் நோக்கமன்று.

1. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சுஜந்தன் என் அறைத்தோழர். சைட்டில் சாரம் கட்டுகிறவர். குளிர் தொடங்கியபோது, மெஸ்ஸில் மூட்டை கிழிந்து குப்பைக்குப் போன ராஜ்மாவில் ஒரு கைப்பிடியை எடுத்துவந்து தொழுகை அறையின் பின்புறம் ஊன்றினார். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்யும் தண்ணீர் அங்கேதான் வந்து விழுகிறது. சோப்பு கலக்காத கழிவுநீர் இந்தக் கேம்ப்பில் அது ஒன்றுதான். இமாமிடம் அனுமதி கேட்டே செய்தார். பக்கத்திலேயே மிளகாயும் தக்காளியும் வைத்தார். கொடி வேலியில் ஏறிக் காய்த்தபின், டூட்டி முடிந்து வருகிறவர்கள் அறைக்குப் போகுமுன் அங்கே சற்று நின்றுவிட்டுப் போவது வழக்கமாயிற்று. சென்ற மாதம் கேம்ப்புக்கு வந்த தாங்களும் ஒரு பை பச்சை மிளகாயோடு திரும்பியதை மரியாதையுடன் நினைவூட்டுகிறேன்.

2. தணிக்கைக்கு ஆள் வரும்வரை சுத்தமாக இருக்க வேண்டுமென்று கேம்ப் பாஸ் பொதுச் சமையலறையைப் பூட்டிவிட்டார். அறையில் சமைக்கவும் தடை. ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை, பறித்துக் காயவைத்திருந்த ராஜ்மாவை ஊறவைத்துக் கட்டிலுக்கடியில் ரைஸ் குக்கரில் போட்டோம். கொதி வருவதற்குள் ரூம் செக்கிங் என்று குரல் கேட்டது. பிளக்கைப் பிடுங்கி, குக்கர் மேல் கம்பளியைப் போட்டுவிட்டு நல்ல பிள்ளைகளாகப் படுத்துக்கொண்டோம். செக்கிங் போன பிறகும் ஆவியும் வாசனையும் எங்களைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, பிளக்கை மறுபடி செருகி, சோற்றைச் சூடாக வைக்கும் அளவிலேயே குக்கரை விட்டுவைத்தோம். சாயங்காலம் நசுக்கிப் பார்த்தால் நசுங்கியது. வெந்துவிட்டதென்று சாப்பிட்டோம்.

3. சுஜந்தன், வெல்டர் ராமையா, நான் ஆகிய மூவரும் குடல் வெளியே வருமளவு வாந்தி எடுத்தோம். ராஜ்மா தளதளவென்று கொதிக்காவிட்டால் யாரையும் இப்படித்தான் படுத்தும் என்றும், ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைத்தால் ஒன்றும் செய்யாது என்றும் கிளினிக் டாக்டர் சொன்னார். அதற்கு அடுப்பு வேண்டும். அடுப்போ பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

4. ஆனால் கேம்ப் பாஸ் மேலிடத்துக்கு எழுதியது வேறு. “வெளிநாட்டு விஷச்செடி” வளர்த்துத் தொழிலாளர் உயிருக்கு ஆபத்து விளைவித்தாராம் சுஜந்தன். அந்த விஷம் மெஸ் மூட்டையிலிருந்து வந்தது, ஐயா. வாராவாரம் அதையே எங்கள் தட்டில் ஊற்றுகிறார்கள். வெளிநாடு என்பது உண்மைதான். ராஜ்மா அமெரிக்கக் கண்டத்துப் பயிர். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம் எல்லாம் அங்கிருந்து கடல் தாண்டி வந்தவையே. வெளியிலிருந்து வந்ததையெல்லாம் வெளியேற்றுவதென்றால் முதலில் மெஸ் அண்டா காலியாகும். அடுத்து கேம்ப் காலியாகும். கேம்ப் பாஸும் எங்களோடு விமானம் ஏற வேண்டியிருக்கும்.

5. மனுவில் கோபத்தைக் காட்டாதே என்று ராமையா சொன்னார். எனக்குக் கோபம் வருகிறது, ஐயா. வாந்தி எடுத்துக் கிடந்தவரையே குற்றவாளி என்கிறார்கள். உத்தரவு வந்த அன்று சுஜந்தன் எங்களிடம் கேட்டது இவ்வளவுதான்: “நான் போறன். கொடியை மட்டும் பிடுங்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ.” அவரைப் போகவிட்டுவிட்டு அந்தக் கொடிக்குத் தண்ணீர் ஊற்ற எங்களால் முடியாது.

6. எனவே, எக்ஸிட் உத்தரவை ரத்து செய்து, சமையலறைச் சாவியை எங்களிடம் தரவும். கொடியைப் பிடுங்கச் சொல்லி எங்களுக்கு உத்தரவிட வேண்டாம். பிடுங்க மாட்டோம்.

7. நட்டவரை அனுப்பியே ஆக வேண்டுமென்றால் ஒரு விவரம் விடுபட்டுள்ளது. சுஜந்தன் விதை ஊன்றினார். குழி தோண்டியவன் நான். கொடி ஏறக் கம்பி கட்டியவர் ராமையா. தண்ணீரைக் கொடிப்பக்கம் திருப்பிவிட்டது பி பிளாக் முழுவதும். ஆகவே எக்ஸிட் எங்கள் அனைவருக்கும் பொருந்தும். ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் பிளாண்ட் ஷட்டவுன் வேலை அடுத்த வாரம் தொடங்குகிறது, அதற்கு ஓர் ஆள்கூடக் குறையக்கூடாது என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். பதிலை எதிர்பார்த்துப் பெட்டிகளைக் கட்டி வைத்திருக்கிறோம்.

இடம்: ஜுபைல்
நாள்: 12.02.2025

இப்படிக்கு,
கொடியை நட்டவர்கள்,

மு. ஐயப்பன்
ராமையா
மற்றும் பி பிளாக்கில் உள்ள அனைவரும் (கையொப்பங்கள் பின்பக்கத்தில்)