கரண்டி எடுத்து வைக்கும் அக்கா

2025 மார்ச் 8

இன்றும் விலாங்கு மீன் கடையில் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மரியாதையாகத்தான். "ஒருத்தருக்கு அடுப்பு மூட்டுறதில்லைங்கம்மா, குறைஞ்சது ரெண்டு பேருக்குச் சொல்லணும்" என்றார் கடைக்காரர், குனிந்து வணங்கியபடி. அவ்வளவு குனிந்தவர் இன்னும் கொஞ்சம் குனிந்து ஒரு துண்டு மீனை அடுப்பில் போட்டிருக்கலாம்.

பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் முப்பது வருடம் நின்று, தினமும் தொள்ளாயிரம் பிள்ளைகளின் தட்டை நிறைத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரு தட்டு நிறைக்க இந்தச் சியோல் நகரத்தில் ஆள் இல்லை. முக்குக் கடையில் முக்கோணச் சோற்றுப் பொட்டலம் ஒன்று வாங்கி நின்றபடியே தின்றேன்.

தம்பியைக் கூப்பிட்டால் வருவான். கையோடு ஒரு பிரச்சினையையும் கொண்டுவருவான். நான்கு பேருக்கு மூத்தவளாகப் பிறந்தால் அப்படித்தான்.

மார்ச் 9

ஒரு சுற்றுலாவுக்குப் பணம் கட்டிவிட்டேன். "தனியாக வருபவர்களுக்கு மட்டும். எட்டுப் பேர், ஒரு வேன்." தோங்யோங் போய்க் கடற்சிப்பி சாப்பிடுவது. கல்யாணத்துக்கே சரி சொல்லாதவள், முன்பின் தெரியாத ஏழு பேரோடு ஒரு ராத்திரி தங்கச் சரி சொல்லியிருக்கிறேன். புத்தி கெட்டுப்போச்சா?

மார்ச் 22, தோங்யோங்

வழிநடத்த வந்த பெண்ணின் பெயர் சோரி. முப்பது வயதிருக்கும். வேன் கிளம்பியதுமே சட்டம் போட்டாள். "புருஷன் இருக்காரா, பிள்ளை இருக்கா, சொந்த வீடா? இந்த மூணையும் யாரும் யாரையும் கேக்கக்கூடாது."

எல்லோரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினோம். ஆனால் எதிரில் இருப்பவரின் வயது தெரியாமல் எங்கள் ஜனத்துக்குச் சோறு இறங்குமா? பெரியவர் யார் என்று தெரிந்தால்தானே யாரை எப்படிக் கூப்பிடுவது, யார் முதலில் கரண்டியைத் தூக்குவது என்பதெல்லாம் தெரியும்? முதல் சாப்பாட்டு மேசையிலேயே பியோ ஐயா ஆரம்பித்துவிட்டார். கப்பலில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். "நான் நாய் ஆண்டு. அறுபத்தேழு ஆகப்போகுது. நீங்கள்லாம் எந்த விலங்கு?"

"எலி" என்றேன். என் பக்கத்தில் இருந்தவள் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, "பன்றி" என்றாள். பன்னிரண்டு வருடச் சுற்றில் வருடத்துக்கு ஒரு விலங்கு; பன்றிக்கு அடுத்தது எலி. ஆக என்னைவிட ஒரு வயது பெரியவள். பெயர் தோ கும்சில். துணி தைத்துத் திருத்தும் கடை வைத்திருக்கிறாளாம்.

"அப்போ நான் அக்கா" என்று அந்த நிமிடமே பட்டம் சூட்டிக்கொண்டாள். "ஏய் ஓக்ரான், அந்த ஊறுகாய்த் தட்டை இங்க தள்ளுடி."

"டி"யாம்! என்னை யாரும் அப்படி அதட்டிக் கூப்பிட்டதே இல்லை. தட்டைத் தள்ளினேன்.

ஒரு வேடிக்கை. மேசையடி இழுப்பறையைத் திறந்து எட்டுப் பேருக்கும் காகிதம் விரித்து, கரண்டி வைத்து, தண்ணீர் ஊற்றியதும் அதே அக்காதான். அது கூட்டத்திலேயே இளையவர் செய்ய வேண்டிய வேலை. நாங்கள் ஏழு பேரும் மாமியார்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

மார்ச் 23

என் தட்டில் சிப்பிகளை ஓடு நீக்கிப் போட்டுக்கொண்டே இருந்தாள். "தின்னுடி, ஈர்க்குச்சி மாதிரி இருக்கே." நான் ஈர்க்குச்சியாம்! ஊருக்கே தட்டு நிறைத்த என் தட்டை ஒருத்தி நிறைக்கிறாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. குடைமிளகாய் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். குடைமிளகாய்க்கு ஏது காரம்?

ஏப்ரல் 19, ஜோங்சோன்

மறுபடியும் அதே மூவர். பியோ ஐயா, அக்கா, நான். சோரி சிரித்தாள்: "தனியா வர்றவங்களுக்குன்னு நடத்துறேன், நீங்க மூணு பேரும் சேந்தே பதிவு பண்றீங்களே?" தற்செயல் என்று சொன்னோம். மூன்று பேரும் ஒரே குரலில்.

அக்கா மலையில் ஆடு மாதிரி ஏறுகிறாள். சியோலில் சந்திக்கலாம் என்றால் மட்டும், "பஸ்ல வர்றேன், சுரங்க ரயிலுக்குப் படி இறங்க முட்டி விடாது" என்கிறாள். அந்த முட்டிக்கு இடம் பொருள் ஏவல் தெரியும் போல.

ஜூன் 14

வாட்டிய பன்றி இறைச்சி. இரண்டு பேர் என்பதால் கடையில் யாரும் குனிந்து வணங்கவில்லை. அக்கா கத்தரிக்கோலால் துண்டு போட்டு எனக்கு நல்ல பக்கமாகத் தள்ளினாள். அவளுக்கு மதுவை இரண்டு கையாலும் ஊற்றினேன், என் கிண்ணத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தேன். தங்கையின் லட்சணம் அத்தனையும்! என் தங்கைகள் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள்.

சோரி இலையுதிர் காலத்தில் உல்லுங் தீவுக்கு அழைத்துப் போகிறாளாம். அக்கா உடனே, "எனக்குக் கப்பல் ஒத்துக்காது, வாந்தி வரும்" என்றாள். "நீங்க வான்தோ தீவுல பொறந்தவங்கதானே?" "அதனாலதான்." என்ன பதில் இது?

செப்டம்பர் 13

அறுபத்தைந்து ஆகிவிட்டது. முதியோர் அட்டை கைக்கு வந்தாயிற்று. இனி சுரங்க ரயில் இலவசம். பியோ ஐயா வாழ்த்தினார்: "வாங்க, சங்கத்துல சேருங்க!"

செப்டம்பர் 20

எழுதுவதா வேண்டாமா என்று இருந்தேன். எழுதுகிறேன்.

என் அட்டையைக் கொண்டாட மூவரும் சந்தித்தோம். எங்காவது ரயிலில் போவோம், எங்களுக்குத்தான் இலவசமாயிற்றே என்று பியோ ஐயா அடம் பிடித்தார். அக்காவின் முட்டிக்கதை எடுபடவில்லை, நிலையத்தில் மின்தூக்கி இருந்தது. அவர் அட்டையை வைத்தார், திரையில் பூஜ்யம். நான் வைத்தேன், பூஜ்யம். எனக்கு ஒரே பெருமை. பின்னாலேயே வந்த அக்கா தன் அட்டையைக் கையால் மறைத்தபடி வைத்தாள். திரையை மறைக்க முடியுமா? முழுக் கட்டணம் கழிந்தது.

பியோ ஐயாவுக்கு வாய் ஒரு எஞ்சின். "பன்றி ஆண்டுக்காரங்களுக்கு இன்னுமா அட்டை வரலை? போன வருஷமே குடுத்திருக்கணுமே! வாங்க, வார்டு அலுவலகத்துல அடையாள அட்டையைக் காட்டினா உடனே தருவாங்க. நானே பேசுறேன்!" என்று அவள் முழங்கையைப் பிடித்தார்.

அக்காவின் முகம் கிம்ச்சி ஊறுகாய் மாதிரிச் சிவந்துபோனது. என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். "கடையில வேலை கிடக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போயே போய்விட்டாள்.

செப்டம்பர் 21

அட்டை இல்லை என்றால் அறுபத்தைந்து ஆகவில்லை. அறுபத்தைந்து ஆகவில்லை என்றால் என்னைவிடச் சின்னவள். கப்பலில் ஏற அடையாள அட்டை காட்ட வேண்டும், அதனால் வாந்தி. சுரங்க ரயில் காட்டிக்கொடுக்கும், அதனால் முட்டி. அடேயப்பா!

இத்தனை நாள் ஒரு சின்னப்பிள்ளைக்கா இரண்டு கையால் ஊற்றிக் கொடுத்தேன்? "டி" போட்டுக் கூப்பிட்டாளே, பல்லை இளிச்சுக்கிட்டு நின்னேனே! எல்லாரும் வயசைக் குறைச்சுச் சொல்லுவாங்க, இவ எதுக்குக் கூட்டிச் சொன்னா? கூப்பிட்டு நறுக்குன்னு நாலு கேள்வி கேக்கணும்.

பின்குறிப்பு: கேட்டால் என்ன ஆகும்? அவள் என்னை "அக்கா" என்று கூப்பிட வேண்டியிருக்கும். நான் மறுபடியும் மூத்தவள். எல்லோருக்கும் மூத்தவள். ஐந்தாவதாக இன்னொரு ஆளுக்கும்.

வேண்டாம்.

அக்டோபர் 6

சூசோக் பண்டிகை. தம்பி தங்கைகள் வந்தார்கள், தின்றார்கள், பிரச்சினைகளை வைத்துவிட்டுப் பாத்திரங்களையும் வைத்துவிட்டுப் போனார்கள். கும்சில் அக்காவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. நேற்றும் எடுக்கவில்லை.

அக்டோபர் 11, ஆண்டோங்

அக்கா வரவில்லை. மதியம் மேசையில் எட்டுப் பேர் உட்கார்ந்தோம், புதிதாக வந்த எட்டாவது ஆளும் சேர்த்து. சாப்பாடு வந்தது. யாரும் சாப்பிடவில்லை. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். கரண்டி இல்லை! யாருக்கும் இழுப்பறையைத் திறக்கத் தோன்றவே இல்லை, அவ்வளவு பழகிப்போயிருக்கிறது.

பியோ ஐயா தலையைச் சொறிந்தார். "நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனா?"

"எப்பவும் பேசுறதுதான்" என்றேன். பாவம், அதற்குப் பிறகு அவர் சூப்பில் மிளகாய் விழுது கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் இல்லாமல் நன்றாக இல்லை. இதை நேராகவே எழுதிவைக்கிறேன்: அவள் இல்லாமல் எனக்கு நன்றாகவே இல்லை.

அக்டோபர் 18

விலாங்கு மீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் குனியத் தொடங்கினார். "ரெண்டு பேருக்கு" என்றேன், கம்பீரமாக.

"இன்னொருத்தங்க?"

"வந்துக்கிட்டே இருக்காங்க."

மீன் அடுப்புக்கு வந்ததும் படம் எடுத்து அனுப்பினேன். கீழே எழுதினேன்: "அக்கா, ரெண்டு பேருக்குச் சொல்லிட்டேன். என்னால ஒருத்தியாத் தின்ன முடியாது. கரிஞ்சு போனா உங்க பொறுப்பு."

பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது, அவ்வளவுதான். கடைக்காரர் வந்து நெருப்பைக் குறைத்தார். மறுபடியும் வந்து குறைத்தார். மூன்றாம் முறை வந்தபோது என்னைப் பரிதாபமாகப் பார்த்தார், எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது. அப்போது கதவு திறந்தது. கும்சில். கழுத்தில் அளவு நாடா தொங்க, மூச்சு வாங்கிக்கொண்டு.

"பஸ் லேட்டாகும்னு ரயில்ல வந்தேன்" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. தலையைக் குனிந்து உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் இழுப்பறைப் பக்கம் கையை நீட்டினாள்.

நான் முந்திக்கொண்டேன். காகிதம் விரித்தேன். அவளுக்குக் கரண்டியும் குச்சியும் வைத்தேன். தண்ணீரை இரண்டு கையாலும் ஊற்றினேன். "அக்கா, சாப்பிடுங்க."

அவள் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு மருமகள்ல நான்தான் கடைசி" என்றாள். "திதிக்கும் பண்டிகைக்கும் அவங்க நாலு பேரும் கூடத்துல உக்காந்திருப்பாங்க. 'சின்னவளே, கரண்டி. சின்னவளே, தண்ணி.' வீட்டுக்காரர் போனப்புறமும் விடலை. முதல் தடவை சோரி வேன்ல ஏறினப்போ நினைச்சேன், இங்க என்னை யாருக்கும் தெரியாது, ஒரு தடவையாச்சும் பெரியவளா உக்காந்து பாப்போமேன்னு. நீ எலின்னு சொன்னே. வாய் தானா பன்றின்னு சொல்லிடுச்சு."

"பெரியவளாகி என்னத்தைக் கண்டீங்க? அங்கயும் நீங்கதானே கரண்டி வச்சீங்க?"

"கை கேக்க மாட்டேங்குதே!" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்ததில் அழுதும்விட்டாள். அளவு நாடாவால் மூக்கைத் துடைத்தாள். "நான் பன்றி இல்ல. புலி."

புலி என்றால் என்னைவிட இரண்டு வயது சின்னவள். பன்றி என்று சொல்லிக்கொண்டு திரிந்த புலியை இன்றுதான் பார்க்கிறேன்.

"என்னைத் திட்டுங்க" என்றாள். "என்னை... என்னை மன்னிச்சிருங்க, அக்..."

"வாயை மூடுங்க" என்றேன். "எனக்கு ஏற்கெனவே நாலு பேர் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க. ஒருத்தராச்சும் ஓடு நீக்கிக் குடுத்தாங்களா? எனக்குப் பசிக்குது. பெரியவங்க கரண்டியைத் தூக்கினாத்தான் நான் தூக்க முடியும். தூக்குங்க."

தூக்கவில்லை. நானும் தொடவில்லை. மீன் கரிந்துகொண்டிருந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தார்கள். எனக்கு வயிறு கத்தியது, அவளுக்கே கேட்டிருக்கும்.

கும்சில் அக்கா கரண்டியைத் தூக்கினாள். ஒரு வாய் சூப் குடித்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து வால் துண்டை வெட்டி என் தட்டில் போட்டாள். வால்தான் சத்து என்பார்கள்.

"தின்னுடி" என்றாள்.

அக்டோபர் 19

விலாங்கு கொஞ்சம் கரிந்துதான் போயிருந்தது. யாரும் புகார் சொல்லவில்லை.

2026 மே 9, உல்லுங் தீவு

கப்பல் ஏறுமிடத்தில் அக்கா தன் அடையாள அட்டையையும் என்னுடையதையும் சேர்த்துச் சோரியிடம் நீட்டினாள். சோரி இரண்டையும் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், மறுபடியும் அட்டைகளைப் பார்த்தாள். "வயசு கேக்கக்கூடாதுன்னு நாலாவது சட்டம் போட்டிருக்கணும்" என்று முணுமுணுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

கடல் கொந்தளிப்பு. அக்கா வேர்க்கடலை கொறித்துக்கொண்டு வந்தாள். முப்பது வருடம் கப்பலில் இருந்த பியோ ஐயாதான் வாந்தி எடுத்தே காலியானார். "எஞ்சின் அறையில இருந்தா ஒண்ணும் ஆகாது" என்கிறார். அறையில் படுக்கப் போட்டுவிட்டு வந்தோம். சாயங்காலம் கஞ்சி வாங்கிப் போக வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் புதிதாக வந்த ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், எங்களோடு உட்கார்ந்தாள். முதல் முறையாம், முகத்தில் பயம். முதல் நாள் எங்கள் முகமும் அப்படித்தான் இருந்தது. மெதுவாகக் கேட்டாள்: "உங்க ரெண்டு பேர்ல யாருங்க பெரியவங்க?"

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் இழுப்பறைக்குக் கையை நீட்டினோம். முட்டிக்கொண்டதில் கரண்டிகள் கலகலவென்று தரையில் கொட்டின. அக்கா என்னைத் திட்டினாள், நான் அவளைத் திட்டினேன், சோரி போய் வேறு கரண்டி வாங்கிவந்தாள்.

பாவம் அந்தப் பெண், யார் முதலில் தூக்குவார் என்று தெரியாமல் சூப்பை ஆறவிட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.