முனியம்மாவுக்கு விட்ட பாடு

ஐப்பசி, சனிக்கிழமை இரவு.

ஓலையே, சுகந்தானா? எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏரியில் எங்கள் வேதக்கோயில்காரர்கள் வலை போடும் முறை, அதாவது பாடு, நாளை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்துவிட்டது. ஞாயிறு நாங்கள் வலை தொடமாட்டோம். அதனால் எல்லோரும் கூடி அந்தப் பாட்டை முனியம்மாவுக்கு விட்டோம். புயலில் புருஷனைப் பறிகொடுத்தவள். எங்கள் வேதம் இல்லை, ஆனாலும் பக்கத்து வீடு. அப்போது எங்களுக்குச் செபம் நடத்தும் உபதேசியார் கண் கலங்கினார். கோட்டையில் ஒல்லாந்தர் கொடி இறக்கினாலும் அவருக்குக் கண் கலங்கும், அது வேறு கதை.

இன்று மாலை முனியம்மா வந்தாள்.

"பாடு குட்த்தீங்க, சரி. வலைய இழுக்க ஆளு வோணாவாண்ணா? எங்க ஆம்பளைங்க அல்லாரும் கடலுக்குப் பூட்டாங்க. எங்கூட்டுக் கைக்கொழந்தையா இழுக்கும்?"

யாருமே இதை யோசிக்கவில்லை. உபதேசியாரிடம் ஓடினேன்.

"ஓய்வு நாளு சவரி, நான் இன்னா பண்றது?" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

நாளை பொழுது ஏறினால் பாடு அடுத்த குப்பத்துக்குப் போய்விடும். அவள் வீட்டு அடுப்பில் பூனை தூங்குகிறது. நான் தனியாகப் போனால் வலை வராது. போகாவிட்டால் நாளை செபத்தில் எந்த முகத்தோடு...

வாசலில் உபதேசியார் குரல்.

"சவரி! ரெண்டு பேர எழுப்பி இட்டாந்துகிறேன். செபத்துக்கு முன்னாடி இழுத்துட்லாம், வாய்யா!"

இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேட்டியை வரிந்து கட்டவேண்டும்; மீதி நாளை, ஓலையே.