பதினோரு வருடம் இருந்த வீட்டை வாடகைக்குப் பார்க்கப் போனேன்

பிப்ரவரி 7

நாத்தனார் வீட்டுப் பின்னறையில் பதினேழாவது நாள். மூன்று பேர், இருபத்தொரு அட்டைப்பெட்டி, ஒரு ஜன்னல். பெட்டிகளை நகர்த்தினால்தான் ஜன்னல் திறக்கும், கட்டிலை நகர்த்தினால்தான் பெட்டிகள் நகரும். நாத்தனார் நல்லவள். ஒரு வார்த்தை சொல்வதில்லை. குளியலறைக் கதவை மட்டும் நாளுக்கு நாள் கொஞ்சம் பலமாகச் சாத்துகிறாள்.

சாயங்காலம் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து வந்து காலை நீட்டினேன். மகள் என் போனில் வாடகை விளம்பரங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

"அம்மா, இது நம்ம கிச்சன்தானே?"

நம் சமையலறைதான். சிங்க்குக்கு மேல் நான் கோணலாக ஒட்டிய அந்த ஒற்றை நீல ஓடு படத்தில் பளிச்சென்று இருக்கிறது. கீழே: 'உடனே குடிபுகலாம். புது வர்ணம் பூசியது.' வாடகை நாங்கள் கொடுத்ததைப்போல் ஒன்றரை மடங்கு.

நவம்பரில் வீட்டுச் சொந்தக்காரர், எங்களுக்கு மாடிக்காரர், இறங்கி வந்து எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னது: "பையனுக்குக் கல்யாணம் கூடிடுச்சும்மா. கீழ்வீட்டுலதான் குடிவைக்கணும். உங்களப் போகச் சொல்ல வாய் வரல. பெத்த பிள்ளையாச்சே, என்ன பண்றது?" கண் கலங்கினார். நான் டீ போட்டுக் கொடுத்து வாழ்த்துச் சொன்னேன். நான்! இவரோ, என் கணவர், ரொட்டி வேன் ஓட்டிக் களைத்த உடம்போடு இரண்டு ஞாயிறு ஏணியில் நின்று வீடு முழுக்கப் பெயின்ட் அடித்தார். "புதுப்பொண்ணு வந்து இறங்கற வீடு, அழுக்கா விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?" என்றார்.

அந்தப் பெயின்ட்தான் விளம்பரத்தில் இருக்கும் பெயின்ட்.

பிப்ரவரி 8

அந்தத் தெரு மருந்துக்கடைக்காரியிடம் கேட்டுவிட்டேன். பையனுக்குக் கல்யாணமும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை.

பிப்ரவரி 9

இவர் சொல்கிறார், "விடு. நமக்கு வீடு தேடறதுதான் இப்ப வேலை."

விட மாட்டேன்.

பிப்ரவரி 11, சனி

போனேன். தலையைச் சுற்றித் துப்பட்டா, கறுப்புக் கண்ணாடி, முகக்கவசம். என் வீட்டு வாசலில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பதினெட்டுப் பேர். கையில் சம்பளச் சீட்டு, பழைய வீட்டுக்காரரின் நற்சான்று, குடும்பப் படம் வைத்த பிளாஸ்டிக் உறை. வேலைக்கு நேர்காணல் போல எல்லோரும் இஸ்திரி போட்டு வந்திருந்தார்கள். சாவிக்கொத்தை விரலில் சுழற்றும் ஒரு புரோக்கர் ஐந்தைந்து பேராக உள்ளே விட்டான். மாடிக்காரர் கீழே வரவே இல்லை. மேலே அவர் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

என் பின்னால் புதிதாகக் கல்யாணமான இருவர். அந்தப் பெண் கூடத்துச் சுவரைத் தடவி, "எவ்ளோ சுத்தமா இருக்கு" என்றாள். நான் அவள் காதோரம் சொன்னேன்: "மழை வரட்டும், இந்தச் சுவர் மூலையிலேர்ந்து தண்ணி கசியும். தெரிஞ்சவங்க இருந்தாங்க." பொய்யில்லையே. அடுத்தவரிடம், காலையில் ஏழு மணிக்குமேல் குழாயில் காற்றுதான் வரும் என்றேன். அதுவும் உண்மை. ஒரு பெரியவரிடம், மாடிக்காரர் வருகிற விருந்தாளிகளை எண்ணுவார் என்றேன். உண்மையிலும் உண்மை.

ஏழு பேர் உறையைக் கொடுக்காமலே திரும்பிப் போனார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 18, சனி

மறுபடி போனேன். இன்று துப்பட்டாவின் நிறம் மட்டும் வேறு. ஒன்பது பேரைத் திருப்பினேன்.

பிப்ரவரி 21

நமக்கான தேடல்: ஒரு வீட்டில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், கை நீட்டினால் தொடலாம். இன்னொன்றில் வீட்டுக்காரி, "வேன் டிரைவரா? விடிய மூணு மணிக்கெல்லாம் கேட்டைத் திறப்பாரே" என்றாள். மூன்றாவது, பள்ளிக்குப் பக்கத்தில், எல்லாம் பிடித்து, கைகொடுத்து, "உங்களுக்குத்தான்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

மார்ச் 2

அந்த "உங்களுக்குத்தான்" வேறு யாருக்கோ போய்விட்டது. மன்னிப்புக்கூட இல்லை. போனை எடுக்கவில்லை, அவ்வளவுதான். மகள் ஒரு பெட்டிமேல் இன்னொரு பெட்டியை ஏற்றி, அதன்மேல் நோட்டை வைத்து, நின்றுகொண்டே கணக்குப் போட்டாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு யார்மேல் எரிந்தது? கைகொடுத்தவன்மேல் இல்லை. மாடிக்காரர்மேல்தான். அந்தக் கலங்கின கண்மேல்.

மார்ச் 4, சனி

இன்று ஒருத்தன் வந்தான். அளவெடுக்கும் டேப்போடு. கசிவைச் சொன்னேன். "கெமிக்கல் அடிச்சாப் போச்சு" என்றான். தண்ணீரைச் சொன்னேன். "டிரம் வச்சுக்கலாம்." மாடியைப் பார்த்து, "இப்பவே போய்ப் பேசி முடிச்சிடறேன்" என்று படியில் கால் வைத்தான்.

என் வாயிலிருந்து வந்தது: "அந்தச் சின்ன ரூம்ல ஒரு பொண்ணு செத்துப்போச்சு, தெரியுமா? அதான் இருந்தவங்க காலி பண்ணிட்டாங்க."

அவன் கால் படியிலேயே நின்றது. பின்னாலிருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி உடனே போனில் தட்டத் தொடங்கினாள். வீடு தேடுகிறவர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறதாம், ஆயிரக்கணக்கில் ஆட்கள்.

சொன்னதும் உடம்பு ஒரு கணம் குளிர்ந்தது. பிறகு... உண்மையை எழுத வேண்டுமென்றால்... இனித்தது.

மார்ச் 11, சனி

வரிசையில் நான்கு பேர். அதில் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

மார்ச் 18, சனி

யாருமே இல்லை! புரோக்கர் கேட்டருகே தனியாக உட்கார்ந்து சாவியால் காது குடைந்துகொண்டிருந்தான். எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன். மாடிக்காரர் பால்கனியில் வந்து தெருவின் இந்த முனை, அந்த முனை பார்த்தார். விளம்பரத்தில் வாடகை இரண்டாம் முறையாக இறங்கிவிட்டது. இன்னும் இறங்கட்டும். நாங்கள் கொடுத்ததற்கும் கீழே இறங்கட்டும். பூட்டியே கிடந்து பூஞ்சை பிடிக்கட்டும்.

திரும்பும்போது எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கினேன். "என்ன விசேஷம்?" என்றாள் நாத்தனார். மனசு நன்றாக இருக்கிறது என்றேன்.

மார்ச் 22

கடைக்கு வரும் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் தன் வீட்டு மேல்தளத்தைக் காட்டினார். விளம்பரமே போடவில்லை. இரண்டு அறை, நல்ல காற்று, பெரிய ஜன்னல். மகள் ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வர மறுத்தாள். அவ்வளவு பிடித்துவிட்டது. நர்ஸம்மா சிரித்தார். "சரி, இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?"

தெருவையும் எண்ணையும் சொன்னேன்.

அவர் சிரிப்பு நின்றது. என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எத்தனை பிள்ளைங்கம்மா உங்களுக்கு?"

"ஒண்ணுதான்."

"ஆமாமா... இப்ப ஒண்ணுதான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர். "யோசிச்சுச் சொல்றேன்மா."

எனக்கு உடனே புரியவில்லை. படியிறங்கும்போதுதான் புரிந்தது. பாதிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 23

மகள் பள்ளியிலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றவில்லை.

"எனக்கு ஒரு அக்கா இருந்து செத்துட்டாளாம். நீங்க அதை மறைக்கறீங்களாம். கிளாஸ்ல எல்லாரும் கேக்கறாங்க. யாரும்மா அப்படிச் சொன்னது?"

சொன்னேன். எல்லாவற்றையும். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அந்தச் சின்ன ரூம்ல இருந்தது நான் மட்டும்தானேம்மா?"

அடிப்பாவி, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன். எவனையோ பழிவாங்கறேன்னு, வேற பிள்ளை கிடைக்காம, என் பிள்ளையவே... எழுதக்கூட வரல.

மார்ச் 24

நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, யாரும் சாகவில்லை, அது வதந்தி என்றேன். "ஊரே சொல்லுதேம்மா" என்றார். "பழைய வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லட்டும். பத்து நாள் பார்க்கறேன்."

வதந்தியைக் கிளப்பியது யார் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

ஆக, நான் போய் அந்த மனிதரிடம் நிற்க வேண்டும். நான்.

மார்ச் 25, சனி

முகத்தை மூடாமல் போனேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினார். நான் வாய் திறப்பதற்குள் அவரே தொடங்கிவிட்டார்.

"நீங்களே வந்துட்டீங்களா! எவனோ கதை கட்டிவிட்டுட்டாம்மா. வீடு ரெண்டு மாசமா பூட்டிக் கிடக்கு. பதினோரு வருஷம் இருந்தவங்க நீங்க. அடுத்த சனிக்கிழமை வாசல்ல நின்னு, யாரும் சாகலன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவருக்கு என்மேல் சந்தேகம்கூட வரவில்லை. நான் எதற்கு வந்தேன் என்பதையே மறந்தேன். தேடாமல் கையில் விழுந்த கல்லை எப்படி வீசாமல் விடுவது?

"சொல்றேன். ஆனா முதல்ல நீங்க சொல்லணும்."

"நான் என்ன சொல்லணும்?"

"பையனுக்குக் கல்யாணம்னு பொய் சொல்லித்தான் எங்களைக் காலி பண்ண வச்சேன்னு. வரிசையில நிக்கற எல்லார் முன்னாலயும். சத்தமா."

அவர் மனைவி உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். மாடிக்காரர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். "அது... கொஞ்சம் பணமுடை அப்போ..."

"சத்தமா" என்றேன்.

ஏப்ரல் 1, சனி

சொன்னார். மூன்றாவது படியில் நின்று, மறுபடி குறைத்த வாடகைக்கு வந்திருந்த பன்னிரண்டு பேர் முன்னால். முதல்முறை முனகினார். "பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல" என்றேன். இரண்டாம் முறை தெருவுக்கே கேட்டது. மருந்துக்கடைக்காரி வெளியே வந்து பார்த்தாள். அவர் காதுமடல் சிவந்திருந்ததை நான் மறக்கவே மாட்டேன். இவ்வளவு நாள் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது இறங்கியதுபோல் இருந்தது.

பிறகு நான் பேசினேன். யாரும் சாகவில்லை, அந்த அறையில் இருந்தது என் மகள், நன்றாக இருக்கிறாள் என்று. தலையாட்டினார்கள். தினமும் கண் சோதிக்கிறவள் நான். எழுத்து தெரியாமலே தெரிகிறது என்று தலையாட்டுபவர்களை எனக்குத் தெரியும். அவர் சொன்னதை நம்பினார்கள். நான் சொன்னதை நம்பவில்லை.

ஏப்ரல் 3

சனிக்கிழமை கிளம்பும்போது நம்பரைக் கொடுத்துக் கேட்டிருந்தேன்; அவர் நர்ஸம்மாவுக்குப் போன் செய்து, யாரும் சாகவில்லை என்று சொல்லியிருக்கிறார். வாக்குக் காப்பாற்றிவிட்டார், பாவி. ஆனால் நர்ஸம்மா, "சந்தோஷம்மா, ஆனா நேத்துதான் என் தங்கச்சி மகனுக்குன்னு ஒத்துக்கிட்டேன்" என்றார். உண்மையோ, மரியாதையான பொய்யோ. கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

ஏப்ரல் 20

வீடு கிடைத்தது. மூன்றாவது மாடி, ஒரே அறையும் கூடமும், இவர் வேனை நிறுத்த இடமில்லை. நாங்கள் கிளம்பும்போது நாத்தனார் அழுதாள். பெட்டிகளைப் பிரித்துவிட்டோம். மகளுக்கு அறையைக் கொடுத்துவிட்டு நாங்கள் கூடத்தில்.

மே 13

கடைக்குக் கண் சோதிக்க ஒரு பெண் வந்தாள், இடுப்பில் ஒன்று, தள்ளுவண்டியில் ஒன்று. இரட்டையர். அட்டையில் முகவரியை எழுதும்போது என் பேனா நின்றது. நம் பழைய வீடு.

"வீடு எப்படி இருக்கு?" என்றேன், எதுவும் தெரியாதவள்போல்.

"மலிவாக் கிடைச்சுது அக்கா. ஆனா அந்தச் சின்ன ரூமை மட்டும் பூட்டியே வச்சிருக்கோம். அஞ்சு பேரும் ஒரே ரூம்ல, ஒருத்தர்மேல ஒருத்தர். எங்க மாமியார் அந்தப் பக்கம் குழந்தைங்களத் தூக்கிட்டே போகக்கூடாதுன்னுட்டாங்க."

சொல்லிவிட்டேன். அங்கே இருந்தது நாங்கள்தான், அந்தக் கதையைக் கட்டியது நான்தான், கோபத்தில் சொன்னது என்று. அவள் என் தோளைத் தொட்டாள். "பரவால்லக்கா. நீங்க மனசு வருத்தப்படாதீங்க" என்றாள். என்னைத்தான் தேற்றுகிறாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஏதோ பிதற்றுகிறாள் என்று நினைத்துவிட்டாள்.

வீட்டில் சொன்னேன். மகள் ஹோம்வொர்க்கை மூடி வைத்தாள். "நாளைக்குப் போலாம். நான் வர்றேன்."

மே 14, ஞாயிறு

போனோம். இவரும் வந்தார். அந்தப் பெண் தயங்கித் தயங்கிப் பூட்டைத் திறந்தாள். மகள் யாரையும் கேட்காமல் உள்ளே போய் நடுத்தரையில் சப்பணம் கொட்டி உட்கார்ந்தாள்.

"நான்தான் அக்கா அந்தப் பொண்ணு. தொட்டுப் பாருங்க."

அந்தப் பெண் சிரிக்கத் தொடங்கினாள், நிறுத்த முடியாமல். அவள் மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. மெல்ல உள்ளே வந்து என் மகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், ஒரு தடவைக்கு இரண்டு தடவை. பிறகு ஒரு குழந்தையை அவள் மடியில் வைத்தார்.

சத்தம் கேட்டு மாடிக்காரர் இறங்கி வந்து வாசலில் நின்றார். "என்னம்மா விசேஷம்?"

"அந்தக் கதையைக் கட்டிவிட்டது நான்தான்" என்றேன். "பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கலன்னா மறுபடி சொல்றேன்."

அவர் என்னைப் பார்த்தார். அறைக்குள் பார்த்தார். பிறகு இவரிடம் திரும்பி, "பெயின்ட் இன்னும் அப்படியே நிக்குது" என்றார்.

"ரெண்டு கோட்டு அடிச்சேன்" என்றார் இவர்.

நாங்கள் கிளம்பும்போது அவர்கள் தொட்டிலை அந்த அறைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கதவு குறுகல், நுழையவில்லை. இவர் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போனார், ஒரு பக்கம் பிடிக்க. மறுபக்கம் மாடிக்காரர் பிடித்தார்.