ரெண்டாவது மணியில் பாதி என்னுடையது

என் அண்ணிக்கு,

நீங்கள் போய் அரை வருஷம் ஆகப்போகிறது. அண்ணன் இன்னும் தினமும் உங்கள் படத்துக்குப் பூ வைக்கிறார். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்துப் பேச வரவில்லை. நீங்கள் இருந்தபோதே நாம் நேருக்கு நேர் பேசியதெல்லாம் சண்டையில்தான் முடிந்தது. அதனால் எழுதுகிறேன். உடம்பும் மனசும் ஒரே அசதி. பிழை இருந்தால் சிவப்பு மையைத் தேடாதீர்கள்.

பள்ளிக்கூடம் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் நாற்காலியில் நான் உட்காருவதில்லை என்று எழுத ஆசை. ஆனால் உட்காருகிறேன். இருப்பதே ரெண்டு நாற்காலி, இன்னொன்றுக்குக் கால் ஆடுகிறது. இப்போது பொறுப்புத் தலைமை ஆசிரியை நான்தான். துணைக்கு ஒரு டீச்சரைப் போடுகிறோம் என்று சொன்னார்கள். சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஐந்து வகுப்பையும் ஒற்றை ஆளாக மேய்க்கிறேன்.

சரி, மாநாட்டுக் கதைக்கு வருகிறேன். உங்கள் கருமாதி முடிந்த வாரத்தில்தான் தகவல் வந்தது. சென்னையில் நடக்கும் சர்வதேசக் கல்வி மாநாட்டில் ரெண்டாவது மணியைப் பற்றிய நம் போஸ்டரை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், ஒருவர் நேரில் வந்து அதன் பக்கத்தில் நின்று விளக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "அனுப்பித்தான் பாப்போமே வனஜா, போனா ஒரு தபால்தானே" என்று நீங்கள் அனுப்ப வைத்தது. எப்போதும் இப்படித்தான். ஆரம்பிப்பது நீங்கள், நிற்பது நான்.

வேறு யாராவது இதைப் படித்தாலும் புரிய வேண்டும், அதனால் ரெண்டாவது மணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உப்பளத்தில் வேலை நடக்கும் மாதங்களில் நம் பிள்ளைகளின் அம்மாக்கள் விடியுமுன்னே பாத்திக்குப் போய்விடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் கரையேற்றியாக வேண்டும். அவர்கள் திரும்பும்வரை வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது நம் மூன்றாம் வகுப்பும் நாலாம் வகுப்பும்தான். அம்மா வந்ததும் இடுப்பிலிருந்து பிள்ளையை இறக்கிவிட்டு ஓடி வருவார்கள். அதற்குள் இங்கே தமிழும் கணக்கும் முடிந்திருக்கும். தாமதமாக வந்தவர்கள் வாசலில் நிற்பார்கள். ரெண்டு நாள் அப்படி நின்ற பிள்ளை மூன்றாம் நாள் வராது.

அதனால்தான் நாம் பாடத்தைத் தள்ளி வைத்தோம். முதல் மணிக்குப் பாட்டு, படம் வரைவது, விளையாட்டு. பத்தே முக்காலுக்கு ரெண்டாவது மணி, அதற்குப் பிறகுதான் தமிழும் கணக்கும். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று நமக்குத் தெரியும். ஆனால் இது யாருடைய யோசனை என்று மட்டும் எத்தனை தடவை சண்டை போட்டிருப்போம்? மணியை ரெண்டு தடவை அடிக்கலாம் என்றது நான். பாடத்தைப் பின்னால் தள்ளலாம் என்றது நீங்கள். பாதிக்குப் பாதி. நீங்கள் இதை ஒத்துக்கொள்ளாமலே போய்விட்டீர்கள்.

போஸ்டர் அடிக்கத் திண்டிவனத்தில் அதே ஃப்ளெக்ஸ் கடைக்குத்தான் போனேன், உங்கள் கண்ணீர் அஞ்சலி பேனரை அடித்த கடை. உங்கள் போட்டோ அவர்கள் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. அதையே மேலே போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் வாங்கப் போனால், உங்கள் படத்துக்கு ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிகிறது. கீழே தோற்றம் இன்ன தேதி, மறைவு இன்ன தேதி.

"என்னங்க இது, வெளக்கெல்லாம் போட்டு வெச்சிருக்கீங்க?" என்றேன்.

"எறந்தவங்க போட்டோவுக்கு வெளக்கு இல்லாம எப்பிடிங்க டீச்சர் போடறது? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?" என்றார் கடைக்காரர். நல்ல மனசோடுதான் சொன்னார். மாற்றி அடிக்க நேரமும் இல்லை, வாதாட எனக்குத் தெம்பும் இல்லை. சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊருக்கு வந்து, பையை எடுத்துக்கொண்டு மரக்காணத்தில் சென்னை பஸ் ஏறினேன்.

மாநாட்டு மண்டபத்தில் பல் கிட்டுகிற குளிர். மற்றவர்களுடையதெல்லாம் வழவழப்பான காகிதம், நாலு குண்டூசியில் சமர்த்தாக நின்றது. நம்முடையது கனம், சரிந்து சரிந்து விழுந்தது. நல்லவேளை, பேனருக்கு அடிக்கிற வளையத்தை நாலு மூலையிலும் கடைக்காரர் அடித்திருந்தார். டீ கொடுத்துக்கொண்டிருந்த ஆளிடம் சணல் வாங்கி ஸ்டாண்டோடு இழுத்துக் கட்டினேன். கட்டி முடித்ததும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உங்களைக் கும்பிட்டார்.

அப்புறம் நின்றேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்த ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றேன். வருகிறவர்கள் தூரத்திலிருந்தே விளக்கைப் பார்த்துவிட்டு மரியாதையாக விலகிப் போனார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா மட்டும் வந்து, தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஊர்ப் பெயரைப் படித்தார். "சுனாமி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நோ மேடம். கிட்னி," என்றேன்.

என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போய்விட்டார். ரெண்டாவது மணியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்த இங்கிலீஷெல்லாம் வீணாகிவிட்டது. நீங்கள் பார்த்திருந்தால், "செத்தவன் கையில வெத்தல பாக்கு குடுத்த மாதிரி ஏம்மா நிக்கற?" என்று கேட்டிருப்பீர்கள். இப்போது அந்தப் பழமொழியை நினைக்கக்கூட மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சாயங்காலம் நம் கல்வி அதிகாரி வந்தார். இலாகாவிலிருந்து நாலைந்து பேரோடு சுற்றிப் பார்க்க வந்தவர், நம் ஊர்ப் பெயரைப் பார்த்து நின்றுவிட்டார். நம் போஸ்டரை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தவர் அவர் ஒருத்தர்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். எனக்கு முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது. அரசாங்க நேர அட்டவணையையும் நம் நேர அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, மாற்றியதையெல்லாம் சிவப்பில் காட்டச் சொன்னீர்களே, அங்கே வந்ததும் அவர் கண் நின்றது.

நுணலும் தன் வாயால் கெடும் என்று நாமே பிள்ளைகளுக்கு நடத்துகிறோம். சத்தமில்லாமல் நடத்திக்கொண்டிருந்ததை உலகத்துக்கே தெரிகிற மாதிரி கலரில் அடித்துக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். இது நம் ரெண்டு பேருக்குமே தோன்றவில்லையே, ஏன் அண்ணி? அவ்வளவு பெருமையா நமக்கு?

"இதுக்கு யாரும்மா பர்மிஷன் குடுத்தது?" என்று கேட்டார்.

அவர் மறுபடியும் போஸ்டரைப் பார்த்தார். உங்கள் முகம், ரெண்டு விளக்கு, மறைவு தேதி. அவர் குரல் இறங்கிவிட்டது.

"ஹெச்.எம். அம்மா தவறிட்டாங்க இல்ல? அப்பப் பிரச்சனை இல்லம்மா. வெளக்கம் கேட்டு நான் ஒரு மெமோ அனுப்புவேன். அனுப்பாம இருக்க முடியாது, கூட வந்தவங்களும் பாத்துட்டாங்க. அவங்க சொன்னாங்க, நான் செஞ்சேன், இனிமே நடக்காதுன்னு எழுதிக் குடுத்துடுங்க. அவங்கள இனிமே யாரு என்ன கேக்கப் போறாங்க?"

அந்த நிமிஷம் எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது அண்ணி. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். அவரும் அதையேதான் சொன்னார். "அவ மேல போட்டுடு வனஜா. கோச்சிக்கவா போறா? நீ இன்னும் எத்தினி வருஷம் வேல பாக்கணும்." சொல்லிவிட்டு உங்கள் படத்தைப் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. நம் வீட்டுக்கு நீங்கள். சாம்பாரில் உப்பு கூடினாலும் நீங்கள்தான், அண்ணன் பஸ்ஸைத் தவறவிட்டாலும் நீங்கள்தான். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் தலையில் வாங்கிக்கொள்வீர்கள். இதையும் வாங்கிக்கொள்வீர்கள், எனக்குத் தெரியும்.

மெமோ வந்தது. பதில் எழுதாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். பாத்திகளில் தண்ணீர் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். ஒருநாள் நாலாம் வகுப்புத் தேவியின் அம்மா அஞ்சலை வேலியோரம் வந்து நின்றாள்.

"டீச்சர், திங்கக்கெழம பாத்தியில எறங்கறோம். இந்த வருஷமும் ரெண்டாவது மணி உண்டா?"

"ஏன், இல்லன்னா என்ன பண்ணுவ?"

"என்ன பண்றது, தேவிய நிறுத்திக்குவேன். சின்னது இன்னும் தவழுது, யாரு பாக்கறது? பெரிய டீச்சரம்மா இருந்தாங்க, மணி அடிச்சாங்க. இப்ப நீங்க ஒண்டியா இருக்கறீங்க. அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்." கோபமாகச் சொல்லவில்லை. அரிசி வந்துவிட்டதா என்று ரேஷன் கடையில் கேட்கிற மாதிரி கேட்டாள்.

நீங்கள் இருந்தீர்களாம், அடித்தீர்களாம். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. மணியை அடித்தது யார்? ஒவ்வொரு நாளும் அந்தத் தண்டவாளத் துண்டில் ஓங்கி ஓங்கி அடித்துத் தோள்பட்டை வலி வந்தது எனக்கு. அதிகாரி எழுதச் சொன்ன மாதிரி எழுதினால், நீங்கள் தப்புச் செய்தவர், சொன்னதைக் கேட்ட கிளிப்பிள்ளை நான். பழி முழுக்க உங்களுக்கு, ஆனால் ரெண்டாவது மணியும் முழுக்க உங்களுக்கு. எனக்கு அதில் ஒரு குன்றிமணிகூட இல்லை.

உங்கள் மேல் இருக்கிற பாசத்தால் அப்படி எழுதவில்லை என்று சொன்னால் ஊர் என்னை மெச்சும். பாசமும்தான். ஆனால் என் பாதியை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. அன்றைக்கே எழுதினேன்: தலைமை ஆசிரியையும் நானும் சேர்ந்து முடிவு செய்தோம், அதனால் பிள்ளைகள் வந்தார்கள், இந்தப் பருவத்திலும் நடத்த அனுமதி வேண்டும். நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதிகாரி படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நான் ஒண்ணு சொன்னா நீங்க ஒண்ணு எழுதிக்கினு வந்திருக்கீங்களேம்மா. இத மேல அனுப்பினா உங்கள இங்க வெக்க மாட்டாங்க. ஜூன்ல கிளியனூர் பக்கம் தூக்கிப் போட்டுருவாங்க. பஸ் மாறிப் போகணும், பாத்துக்குங்க."

"போறேன் சார்."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் மணி அடிப்பேன் சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. காகிதத்தைத் தட்டில் போட்டார். "ஏப்ரல் வரைக்கும் நான் அந்தப் பக்கம் இன்ஸ்பெக்‌ஷன் வரலம்மா. என்னால முடிஞ்சது அவ்வளவுதான்," என்றார். நல்ல மனுஷன்தான் அண்ணி. நாம் அவரைப் பேசியதெல்லாம் கொஞ்சம் அதிகம்.

திங்கட்கிழமை தேவி வந்தாள். கூடவே மற்றதுகளும் வந்தன. ஜூனுக்குப் பிறகு என்ன என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. புதிதாக வருகிற டீச்சரிடம் நாலு பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள் என்று அஞ்சலையிடம் சொல்லியிருக்கிறேன். "கேக்கறம் டீச்சர், கேக்கறதுக்கு என்ன," என்றாள். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவ இருந்திருந்தா உன்ன நல்லாத் திட்டியிருப்பா," என்றார். திட்டட்டும் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

கிளியனூர்ப் பக்கம் வேலை பார்க்கிற ஒரு டீச்சரைப் போன வாரம் பார்த்தேன். அங்கே உப்பளம் கிடையாது, நெல்லும் மல்லாட்டைக் கடலையும்தான். நடவு நாளிலும் மல்லாட்டை பிடுங்குகிற நாளிலும் காலையில் பாதி வகுப்பு காலியாகத்தான் கிடக்குமாம். அம்மாக்கள் விடியுமுன்னே வயலுக்கும் கொல்லிக்கும் போய்விடுகிறார்களாம். கேட்டு வைத்துக்கொண்டேன்.

இவ்வளவு அசதியிலும் ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். அங்கே போய் நான் செய்யப்போகும் தப்பு முழுக்க என்னுடையது. அதில் உங்களுக்குப் பங்கு கிடையாது, அண்ணி.

கடைசிவரை பாதிக்குப் பாதி கேட்டுச் சண்டை போட்ட
உங்கள் நாத்தனார்,
வனஜா