இடது கன்னம்

அக்கா,

உன் கம்பளியை இன்று துவைக்க, மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்குக் கொண்டுபோனேன். மழை நாட்களில் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும்போது தலையோடு போர்த்திக்கொள்வாயே, அதேதான். கதவுக்குப் பின்னால் ஆணியில் அப்படியே தொங்கியது. விரித்தபோது கொழுந்துக் கறையும் அடுப்புப் புகையும் சேர்ந்த உன் வாசனை முகத்தில் வந்து அடித்தது. கருமாதிதான் முடிந்துவிட்டதே, அக்காவின் துணிகளைத் துவைத்துப் போடு என்று பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் செல்லம்மா அத்தை சொல்லியிருந்தார். அந்தக் கம்பளியைத் தொடவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அம்மா இறந்த பிறகு இந்தப் பீலித் தண்ணீரில்தான் நீ எனக்கு முகம் கழுவிவிடுவாய். பல் கிட்டிக்கொள்ளும் குளிர். நான் கத்தாமல் இருக்க நீ ஒரு அடி பாடுவாய், அடுத்த அடியை நான் பாட வேண்டும். நான் பாடுவதை நீதான் போனில் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினாய். அதைப் பார்த்துத்தான் தொலைக்காட்சிப் போட்டிக்குக் கூப்பிட்டார்கள். பதினாறு வயதில் ஜெயித்துவிட்டு வந்தால், அட்டனில் பஸ்ஸை விட்டு இறங்க முடியாத கூட்டம். மாலை போட்டு, தப்படித்து, நம் லயத்து வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிவந்தார்கள். நீ மட்டும் ஓரமாக நின்று, "காலைல இருந்து ஏதாச்சும் சாப்பிட்டியாடி?" என்று கேட்டாய்.

பிறகு கொழும்பு. அங்கே எனக்கு மேனேஜராக வந்தவர், என் இடது கன்னம்தான் கேமராவுக்கு எடுப்பு என்றார். அன்றிலிருந்து சிரிப்பதும் இடது பக்கம், பேட்டியில் அம்மாவை நினைத்து அழுவதும் இடது பக்கம். ஒருமுறை அழுகை சரியாக விழவில்லை என்று இரண்டாம் தரம் அழச்சொல்லி எடுத்தார்கள். தீபாவளிக்கு வந்தபோது கன்னத்துக் கதையை உன்னிடம் பெருமையாகச் சொன்னேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"ரெண்டு கன்னத்தையும் கழுவுனவ நானு. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையேடி!"

எனக்குக் கோபம் வந்தது. இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். தூங்குவதற்கு மாத்திரை போட ஆரம்பித்ததை உன்னிடம் சொல்லவில்லை. யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று போனைப் பார்க்காமல் ஒரு வாய்ச் சோறு இறங்காததைச் சொல்லவில்லை. அடுத்த வருடம் வேறொரு பெண் ஜெயித்ததும் மேனேஜர் என் அழைப்புகளை எடுக்காமல் விட்டதையும் மறைத்தேன்.

நெஞ்சு வலி என்று டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போன நீ, பெட்டியில் திரும்பினாய். நம் தோட்டத்தில் கூடப்பிறந்தவள்தான் ஒப்பாரியை எடுத்துக்கொடுக்க வேண்டும். மற்றப் பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு அடுத்த அடியைப் பிடிப்பார்கள். "எடும்மா, ஒன் அக்காவுக்கு நீதான் எடுக்கணும்" என்றார் அத்தை.

நிமிர்ந்தேன். வாசலிலும் ஜன்னலிலும் போன்கள். என் கை தானாக எழுந்து நெற்றி முடியை ஒதுக்கியது. கழுத்து தானாகத் திரும்பியது. குரல் உடையவே இல்லை, அக்கா. சுருதி பிசகாமல், மூச்சை எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்து, மேடையில் பாடுவதுபோலப் பாடினேன். அடுத்த அடியைப் பிடிக்க வேண்டிய பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன்னோடு மலையில் கொழுந்தெடுத்தவர்கள் அவர்கள். அவர்களையும் அழவிடாமல் செய்துவிட்டேன். முடிந்ததும் வாசலில் யாரோ கைதட்டத் தொடங்கி, சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

அத்தை என் காதோடு சொன்னார்: "நல்லாத்தான் பாடுன. அழுதிருக்கலாம் கண்ணு."

அந்த வீடியோ இப்போது ஊரெல்லாம் ஓடுகிறது. அழும்போதுகூட எவ்வளவு அழகு என்று கீழே எழுதியிருக்கிறார்கள். நேற்று மேனேஜர் போன் செய்தார். உன் சாவில் எனக்குத் திரும்பக் கிடைத்த மரியாதை அது. நான் எடுத்துப் பேசினேன். சிரித்தும் பேசினேன்.

பீலியில் கம்பளியை நனைத்தேன். உன் வாசனை தண்ணீரோடு போவது தெரிந்தபோதுதான் அழுகை வந்தது. மூக்கு ஒழுக, தொண்டை கிழிய அழுதேன். எல்லாரும் மலைக்குப் போயிருந்த நேரம்; ஒரு ஆளும் இல்லை, ஒரு போனும் இல்லை. அப்பாடா, உனக்காக ஒழுங்காக அழுதுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். முகம் கழுவக் குனிந்தபோதுதான் பார்த்தேன். வெயில் வந்த பக்கமாக இடது கன்னத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றிருக்கிறேன்.

கழுவினேன். போகவில்லை. ஒருதரம் வந்து, இரண்டு கன்னத்தையும் நீ கழுவிவிடு, அக்கா.